உணவுக்கு முன், குலுக்காமல்

மதிப்புக்குரிய அண்ணனுக்கும் அண்ணிக்கும் தங்கை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் கடவுள் புண்ணியத்தில் நின்று நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணியும், குறிப்பாக உங்கள் வயிறும், அதே மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், போன வியாழக்கிழமை பகல் மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணி வரை அந்தக் கிளப்பின் மதுக்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நான். இரண்டு, உங்கள் மாப்பிள்ளை, மது கலக்குகிற மேடைக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சட்டையில். மூன்று, பரிமாறுகிறவர். அவரை எல்லோரும் மீசை என்றே கூப்பிடுகிறார்கள், மீசையை எடுத்து ஆறு வருடம் ஆகிறதாம். நான்கு, கண் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், கிளப் கமிட்டித் தலைவர். இவர் நாலரை மணிக்குத்தான் வந்தார். ஐந்து, நம் பிரார்த்தனை மன்றத்துக்கு வருகிற பூக்கடை அக்கா. இவர் மேசை ஜாடிகளில் பூ மாற்ற மூன்று ஐம்பதுக்கு வந்து நான்கு ஐந்துக்குப் போய்விட்டார். ஆக, அந்த இரண்டரை மணி நேரத்தில் கால் மணி நேரத்துக்குத்தான் அவர் சாட்சி. மிச்சத்துக்கு நான் சாட்சி. கடவுள் எல்லா இடத்திலும் இருக்கிறார் என்று நீங்களே மன்றத்தில் சொல்லியிருப்பதால் ஆறாவதாக அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நின்றபடி ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை, அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தடவை படித்தேன். பட்டப்பகலில் குடிக்கிற இடத்தில், மூன்று கிளாஸை வரிசையாக வைத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, மன்றத்துப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாயாமே என்று எழுதியிருக்கிறீர்கள். பூக்கடை அக்கா பொய் சொல்லவில்லை. மூன்று கிளாஸ் இருந்தது உண்மை, கை இருந்த இடம் உண்மை, பாட்டும் உண்மை, அதுவும் நீங்கள் எழுதிய பாட்டு. பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். நான் பாலைக்கூடக் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாப்பிள்ளை அந்த வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் மன்றத்துப் படி ஏற வேண்டாம் என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். முடித்த பிறகு கீழே, சின்ன எழுத்தில், எங்கள் வீட்டில் தங்கியபோது சாப்பிட்ட ஜீரண டானிக் தீர்ந்துவிட்டது, முதலில் இனித்துப் பிறகு கசந்து நெஞ்சில் இளஞ்சூடாக இறங்குகிறதே அது, இன்னொரு பாட்டில் அனுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். டானிக் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வேலை.

முப்பத்தொரு வருடம் இவர் ஒரே மருந்துக்கடையில் கம்பவுண்டர் என்பது உங்களுக்குத் தெரியும். முதலாளியின் மகன் அந்த இடத்தைச் செருப்புக்கடைக்கு விட்டுவிட்டான் என்பதும் தெரியும். ஐம்பத்தேழு வயது மனுஷனை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், என் சமையலறையில் கண்ணில் பட்டதற்கெல்லாம் சீட்டு ஒட்டினார். உப்பு டப்பாவில் 'தேவைக்கேற்ப'. சர்க்கரையில் 'மருத்துவர் ஆலோசனைப்படி'. துடைப்பத்தில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்'. ஒரு நாள் காலையில் என் கைப்பையில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று இருந்தது. இந்த மனுஷனுக்கு ஒரு வேலை கொடு, இல்லையென்றால் எனக்குப் பொறுமையைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். கடவுள் இரண்டில் சுலபமானதைக் கொடுத்தார். கிளப் வாசலில் 'அளந்து கலக்கத் தெரிந்த, கை சுத்தமான ஆள் தேவை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று இவர் உள்ளே போய்விட்டார்.

மூன்று நாள் இவருக்குத் தட்டை வைத்துவிட்டுப் பிரார்த்தனைப் புத்தகத்தோடு உள்ளே போய்விட்டேன். நான்காவது நாள் இவர்தான் ஆரம்பித்தார்.

"இதோ பாரு. நான் குடிக்கறதும் இல்ல, குடிங்கன்னு யாரையும் கூப்பிடறதும் இல்ல. சொன்னதை அளந்து கலக்கிக் குடுக்கறேன். முப்பது வருஷமா அதைத்தானே பண்ணேன்?"

"அது மருந்துங்க."

"மருந்து குடிச்சவங்க யாராவது என்னைப் பாத்து ஒரு தடவை சிரிச்சிருக்காங்களா? இங்க எல்லாரும் சிரிக்கறாங்க."

 உங்களிடம் 'கலவைப் பிரிவு' என்று மட்டும் சொன்னேன். நீங்கள் மன்றத்தில் 'பெயிண்ட் கம்பெனி' என்று அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசினீர்கள். அந்தப் பாவத்தில் ஆளுக்குப் பாதி.

ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். பழச்சாறு விட்டுக் கலக்குவது, பால் விட்டுக் கலக்குவது எல்லாவற்றிலும் இவருக்கு நல்ல பெயர். ஒரே ஒருத்தரிடம்தான் வண்டி நின்றுவிட்டது. நான்காவதாகச் சொன்னேனே, அந்தக் கண் டாக்டர். கிளப்பில் அவருக்கு ரிட்டன் ஐயா என்று பெயர். தினம் நாலரைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, மார்ட்டினி என்று ஒன்றைக் கேட்பார். பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத ஜின் ஐந்து பங்கு, வெர்மூத் ஒரு பங்கு. வெர்மூத் என்பது திராட்சை மதுவில் வேர், பட்டை, பூ, இலை என்று பல சாமானை ஊறப்போட்டு எடுப்பது. லேசாக இனிக்கும், பிறகு கசக்கும், சாப்பாட்டுக்கு முன்னால் குடித்தால் பசியைக் கிளப்பும் என்று இவர் புத்தகத்தில் படித்துச் சொன்னார், நான் ருசி பார்த்து எழுதவில்லை. இரண்டையும் ஐஸோடு சேர்த்துக் குளிரவைத்து, ஐஸை ஜாடியிலேயே நிறுத்திவிட்டுக் காலுள்ள கிளாஸில் வடித்து, ஒரு ஆலிவ் காயைப் போட்டால் முடிந்தது. வெந்நீர் வைக்கத் தெரிந்தவர்கள் செய்துவிடலாம். ஆனால் இவர் கொண்டுபோய் வைத்ததும் ரிட்டன் ஐயா கிளாஸைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு வாய் வைப்பார், வைத்துவிட்டு ஒற்றை விரலால் கிளாஸை இரண்டு அங்குலம் முன்னால் தள்ளுவார். அவ்வளவுதான். என்ன குறை என்று கேட்டால், "பாத்தா தெரியல?" என்பார். விடுமுறை போக இருபத்து மூன்று நாளில் இருபத்து மூன்று கிளாஸ் திரும்பி வந்தது. கமிட்டியில் அவர் தலையாட்டினால்தான் வேலை. கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பிள்ளை தொடாமல் திருப்பிக் கொண்டுவந்த மாதிரி இவர் முகம் தினம் சுருங்கிக்கொண்டே போனது.

வீட்டில் எதையும் எழுதிவைக்கிற என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பால் எத்தனை நிமிஷத்தில் பொங்குகிறது என்பதுகூட என் நோட்டில் இருக்கும். அதனால் தினம் இவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். ஜின் எவ்வளவு, வெர்மூத் எவ்வளவு, ஐஸ் எத்தனை கட்டி, கரண்டியால் எத்தனை சுற்று, எந்தக் கிளாஸ், அன்றைக்கு எந்தப் பாட்டில். பன்னிரண்டு பக்கம் ஆயிற்று. ஒரு பிழை இல்லை. சரி, செய்து காட்டுங்கள் என்று இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். கையில் துணியைப் போட்டுக்கொண்டு கோயில் காரியம் மாதிரி அழகாகச் செய்தார். நான் பார்த்தவரை ஒரு குற்றம் கிடையாது. அப்புறம்தான் எனக்குத் தோன்றியது, நோட்டில் வராத ஏதோ ஒன்று அங்கே நடக்கிறது, அதை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். வியாழக்கிழமைதான் அந்த மாதத்தின் கடைசி நாள். பிரார்த்தனைப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, மூன்று மணிக்குப் போய் மேடைக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தேன். இவர் என்னைப் பார்த்துவிட்டு, யாரோ ஒரு அம்மா வந்திருக்கிறார்கள் என்பது போல் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.  மீசைதான் வந்தார்.

"என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ப்பா. சும்மா உக்காந்து பாக்கறேன்."

"சும்மா உக்கார முடியாதும்மா, இங்க ஏதாவது சொல்லணும்."

"அப்ப ஒரு மார்ட்டினி."

அவர் என் முகத்தைப் பார்த்தார், கைப்பையில் இருந்த சீட்டைப் படித்தார். அதை நான் இன்னும் கிழிக்கவில்லை. "டிரையா வேணுமாம்மா?" என்றார்.

"குடிக்கறது எப்படிப்பா டிரையா இருக்கும்?"

"வெர்மூத்தைக் கொறைச்சா அப்படிச் சொல்லுவோம்."

"கொறைக்கவும் வேணாம், கூட்டவும் வேணாம். அஞ்சுக்கு ஒண்ணு. ஐஸ் ஆறு கட்டி."

மீசை நிமிர்ந்து நின்றார். "ஆலிவா, எலுமிச்சைத் தோலா?"

"அந்தக் கண் டாக்டருக்கு எதைப் போடுவீங்க?"

"ஆலிவ்தாம்மா."

"அதையே போடுங்க."

"அம்மா இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார்.

இவர் ஆரம்பித்தார். அவுன்ஸ் கிளாஸைக் கண் மட்டத்துக்கு வைத்து, முழங்காலை மடக்கி, கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஊற்றினார். ஜின் சரி. வெர்மூத் சரி. ஐஸ் ஆறு. நீளக் கரண்டியால் நாற்பது சுற்று. எல்லாம் என் நோட்டில் இருக்கிறபடி. நான் நிம்மதியாக மூச்சு விடப்போகிற நேரத்தில், இவர் கலக்குகிற கண்ணாடி ஜாடியின் வாயை இடது உள்ளங்கையால் பொத்தி, அதைத் தூக்கிக் காதோரம் கொண்டுபோய், படார் படார் படார் என்று மூன்று குலுக்குக் குலுக்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி கீழே வைத்தார்.

நான் எழுந்து மேடைக்குப் போனேன்.

"ஏங்க, இப்ப என்ன பண்ணீங்க?"

"கலக்கினேன்."

"அதுக்கப்புறம்?"

"ஊத்தப் போறேன்."

"நடுவில?"

"நடுவில ஒண்ணும் இல்லையே."

"குலுக்கினீங்க சார்," என்றார் மீசை.

"நானா?"

அண்ணா, முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு பாட்டிலையும் ஜனங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் மூன்று குலுக்குக் குலுக்கின கை அது. நம் வீட்டில் பால், தலைக்கு வைக்கிற எண்ணெய், கோந்து, எதையும் குலுக்காமல் இவர் திறந்ததில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? அதைச் செய்கிறோம் என்பதே இவருக்குத் தெரியாது, அதனால்தான் நோட்டில் வரவில்லை. வீட்டில் தண்ணீரை வைத்துச் செய்தபோது கை சும்மா இருந்ததற்கும் காரணம் அதுதான். இரண்டு பாத்திரத்திலும் தண்ணீர், அது கலவையே இல்லை. இரண்டு சரக்கு சேர்ந்தால்தான் அந்தக் கை விழித்துக்கொள்ளும்.

"ஏன்ப்பா, ஒரு மாசமா பக்கத்துல நின்னு பாத்தீங்களே, சொல்லக் கூடாதா?" என்று மீசையைக் கேட்டேன்.

"அது சாரோட ஸ்டைல்னு நெனச்சேம்மா."

முதல் கிளாஸ் என் மேசைக்கு வந்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி, ஐஸ் தூள் மிதந்துகொண்டிருந்தது. அந்த டாக்டர் குடிப்பதற்கு முன்னால் கிளாஸைத் தூக்கி என்ன செய்வார் என்று கேட்டேன். பேப்பர்மேல் பிடித்துப் பார்ப்பார் என்றார் மீசை. நானும் சுவர்க் காலண்டருக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். தேதி தெரியவில்லை. "பாத்தா தெரியல?" என்று இருபத்து மூன்று நாளாக அந்த மனுஷன் சொன்னது இதைத்தான். கண் டாக்டர் வேறு எப்படிச் சொல்வார்? நாற்பது வருடம் எழுத்துத் தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டே பிழைத்தவர்.

இரண்டாவது கிளாஸ் சொன்னேன். "குலுக்கக் கூடாது" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன். இவரும் "குலுக்கல பாரு, குலுக்கல பாரு" என்று சொல்லிக்கொண்டே குலுக்கினார். மணி மூன்று நாற்பது. டாக்டர் வர ஐம்பது நிமிஷம். இவர் நெற்றியில் வியர்வை. "விடும்மா, வீட்டுக்குப் போயிடலாம், இன்னும் சீட்டு ஒட்டாத டப்பா ரெண்டு மூணு இருக்கு" என்றார். அந்தக் குரல் என்னை என்னவோ செய்துவிட்டது. அந்த இடது கைக்கு வேறொரு வேலை கொடுத்தால்தான் விமோசனம் என்று எனக்குப் பட்டது. அப்போதுதான் கடவுள் உங்களை நினைவுபடுத்தினார்.

நம் மன்றத்தில் உங்கள் பாட்டைப் பாடும்போது மட்டும் இடது கையை நெஞ்சில் வைக்க வேண்டும் என்று விதி போட்டீர்களே. வருஷக்கணக்கில் ஞாயிறு தவறாமல் வைத்த கை. பாட்டு முடியாமல் அதை எடுக்க இவருக்கு வராது. பழக்கத்தைப் பழக்கத்தால்தான் கட்ட வேண்டும். "பாடுங்க" என்றேன். "இங்கயா?" என்றார். "மனசுக்குள்ள பாடுங்க, கரண்டி வெளிய சுத்தட்டும்." நானும் தைரியத்துக்காக நெஞ்சில் கை வைத்து ஆரம்பித்துக் கொடுத்தேன்.

தெளியாத நெஞ்சைத் தெளியவை நாதா
கலங்காமல் காப்பாய் கருணையின் போதா

என்று இரண்டு அடி முடிவதற்குள் இருபது சுற்று. மிச்ச இரண்டு அடிக்கு இன்னொரு இருபது. முதல் சரணம் முடிய நாற்பது சுற்று, அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். மெட்டு இழுவையாக இருக்கிறது என்று மன்றத்தில் சிலர் குறை சொன்னார்கள், பெயரைச் சொல்ல மாட்டேன், அண்ணியும் அதில் உண்டு. ஆனால் அந்த இழுவைதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. வேகமான பாட்டாக இருந்தால் சரக்கு குளிர்ந்திருக்காது. மூன்றாவது கிளாஸ் பனி பூத்து வந்தது. காலண்டருக்கு முன்னால் பிடித்தேன். தேதி தெரிந்தது, கிழமை தெரிந்தது, கீழே அச்சகத்தின் முகவரிகூடத் தெரிந்தது. நான் இரண்டாவது சரணத்தை நன்றிக்காகப் பாடிக்கொண்டிருந்தபோதுதான் பூக்கடை அக்கா ஜாடியோடு உள்ளே வந்து, மூன்று கிளாஸையும் என் கையையும் வாயையும் பார்த்து, பூவை மாற்றாமல் பழைய பூவையே திரும்பச் செருகிவிட்டுப் போனார்.

நாலரைக்கு ரிட்டன் ஐயா வந்தார். பேப்பரை விரித்தார். இவர் நெஞ்சில் கை வைத்து, கண்ணைப் பாதி மூடி, நாற்பது சுற்றுச் சுற்றி வடித்துக் கொண்டுபோய் வைத்தார். டாக்டர் கிளாஸைத் தூக்கிப் பேப்பர்மேல் பிடித்தார். நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பழைய பியானோ விற்பனைக்கு. ரெண்டு கட்டை வேலை செய்யாது," என்று வாசித்தார். பிறகு ஒரு வாய் வைத்தார். ஒற்றை விரல் வெளியே வந்தது. கிளாஸின் காலைத் தொட்டது. தொட்டு, இரண்டு அங்குலம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

மீசை ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கம்பவுண்டர், நெஞ்சு வலியா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல டாக்டர். பாட்டு."

"யாரு எழுதினது?"

"என் மச்சான்."

"நல்ல பொறுமைசாலி போல. சில்லுனு இருக்கு." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா? மூணு கிளாஸை முன்னாடி வச்சுக்கிட்டு ஒண்ணையும் தொடல?"

"நான் குடிக்க மாட்டேங்க."

"பின்ன எதுக்கு வாங்கினீங்க?"

"பாக்கறதுக்கு."

"நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்," என்றார்.

ஐந்தரை மணிக்குக் கமிட்டித் தாளில் கையெழுத்தாயிற்று. முதல் தேதியிலிருந்து வேலை நிரந்தரம். அந்த மூன்று கிளாஸும் வீணாகக் கூடாது என்று மீசை பொறுப்பேற்றுக்கொண்டார், அதன் பிறகு அவர் பரிமாறினதில் ஒரு மேசைக்கும் கேட்டது போய்ச் சேரவில்லை என்று கேள்வி. உங்கள் பாட்டின் முதல் சரணத்தை என் கையெழுத்தில் எழுதி மேடைக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறோம். இவர் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு இப்போது ஜன்னலோர மேசைகளில் நாலைந்து பேர் கூடவே பாடுகிறார்களாம், நெஞ்சில் கை வைத்துத்தான். நம் மன்றத்தில் பாடும்போது கடைசி வரிசை தூங்கும். அங்கே யாரும் தூங்குவதில்லை.

ஆகவே அண்ணா, ஏழு மாதம் சீட்டு ஒட்டின மனுஷன் இப்போது காலையில் விசிலடித்துக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். அதைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். அங்கே கலக்குகிறாரே தவிர, இந்தக் குடும்பத்தில் யார் நாக்கிலும் ஒரு சொட்டுப் பட்டதில்லை. பிரார்த்தனைப் புத்தகத்தின்மேல் கை வைத்து எழுதுகிறேன்.

அண்ணியின் முழங்கால் படிகளை மறக்கட்டும், உங்கள் குரல் இன்னும் பல ஞாயிறுகளுக்கு ஓங்கட்டும், கடவுள் உங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே ஒரு கையும் உங்கள் கோபத்துக்கு மேலே ஒரு கையும் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தங்கை

பின்குறிப்பு: டானிக் விஷயம். மேலே 'யார் நாக்கிலும்' என்று எழுதியிருக்கும் இடத்தில் 'ஒருவரைத் தவிர' என்று சேர்த்துப் படித்துக்கொள்ளவும். திறந்த வெர்மூத் ஒரு மாதத்துக்கு மேல் நன்றாக இருக்காது என்று கிளப்பில் மிச்சத்தைக் கொட்டச் சொல்வார்களாம். இத்தனை மூலிகை சேர்ந்ததைக் கொட்ட இவருக்குக் கை வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரமே, வாசனை பழகுவதற்காக அதை ஒரு மருந்து பாட்டிலில் ஊற்றி, நம் ஃபிரிட்ஜில் வைத்து, பழக்கதோஷத்தில் 'உணவுக்கு முன். குலுக்கவும்' என்று சீட்டும் ஒட்டிவிட்டார். நீங்கள் வந்து தங்கின நான்கு நாளும் சீட்டில் சொன்னபடியே குலுக்கி, உணவுக்கு முன், இரண்டு வேளையும் அரை டம்ளர் சாப்பிட்டு, மிச்சத்தை ஊருக்கும் எடுத்துப் போயிருக்கிறீர்கள். நீங்கள் டானிக் கேட்டு எழுதின பிறகுதான் இவரிடம் விசாரித்தேன், எனக்கும் செவ்வாய்க்கிழமைதான் தெரியும். பாட்டில் நீங்கள் புதிதாகச் சேர்த்த இரண்டாவது சரணத்தை, எல்லோரும் ஒரே மூச்சில் பாராட்டுகிறார்களே, அண்ணிகூடக் கண் கலங்கினாரே, அதை மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் எழுதினீர்கள் என்று என் நோட்டில் இருக்கிறது. இந்த மாத மிச்சம் கால் பாட்டில் ஃபிரிட்ஜில் தயாராக இருக்கிறது. சீட்டில் 'குலுக்கவும்' என்பதை மட்டும் அடித்துவிட்டேன். அதை அனுப்புவதா, இவர் வேலையை விடுவதா, இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி எழுதினால் போதும். சரக்கு அதிக நாள் தாங்காது, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பதில் போடவும்.